இடது ஓரத்துப் பட்டை

அண்ணனின் பிளேயர் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நூல் மில்லுக்குப் போவான். வேலை நேரம் முழுக்க இயர்போனில் பாட்டு ஓடும். வீட்டுக்கு வந்ததும் இயர்போனைப் பிடுங்கிவிட்டு, அதே துளையில் ஒரு வயரைச் செருகி, ஹாலில் இருக்கும் ஸ்டீரியோவோடு இணைப்பான். பிறகு வீடு அதிர ஆரம்பிக்கும்.

அது ஏன் அப்படி அதிர்கிறது என்று எனக்குத் தெரியும். மில்லின் இரைச்சலில் பாட்டின் தாழ்ந்த ஒலிகள் காதில் விழாது. மலிவான இயர்போனும் அவற்றைச் சரியாகத் தராது. அதனால் அண்ணன் பிளேயரில் ஒலிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் ஈக்வலைசரில் இடது ஓரத்துப் பட்டையை, அதாவது பேஸை, உச்சி வரை ஏற்றி வைத்திருந்தான். மில்லுக்கு அது சரி. அப்படியே கொண்டுவந்து ஸ்டீரியோவில் இணைத்தால், ஸ்டீரியோ தன் பங்குக்கு இன்னொரு முறை ஏற்றும். போதாததற்கு ஸ்பீக்கர்கள் இரண்டும் சுவர் மூலையில் இருந்தன. மூலை பேஸைப் பெருக்கும்.

ஒருமுறை தாளில் படம் போட்டே காட்டினேன். "பிளேயர்ல ஏத்தினதை இறக்கிட்டு ஸ்டீரியோவுல போடு. ஒரு இடத்துல ஏத்தினா போதும்."

"உன் விஞ்ஞானத்தை எல்லாம் காது ஆஸ்பத்திரியோட வெச்சுக்க," என்றான். "பாட்டுன்னா நெஞ்சுல வந்து இடிக்கணும்."

நான் இயற்பியல் படித்துவிட்டு ஒரு காது கிளினிக்கில் கேட்கும் திறன் பரிசோதிக்கும் வேலையில் இருக்கிறேன். அண்ணி கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறார். "வீட்டுல ஒருத்தி கண்ணு, ஒருத்தி காது. நான் வெறும் வாய்," என்பான் அண்ணன். வீட்டில் பேசியதும் பெரும்பாலும் அவன்தான். அண்ணி தேவைக்குப் பேசுவார். நான் அதற்கும் யோசிப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிளேயரிலிருந்து வயரைப் பிடுங்கி அதன் முனையை என்னிடம் நீட்டினான். "தொட்டுப் பாரு. ஷாக் அடிக்காது."

தொட்டேன். இரண்டு ஸ்பீக்கர்களிலிருந்தும் கனமாக "ம்ம்ம்" என்று ஒரு முனகல் வந்தது.

"கேட்டியா?" என்று அண்ணியைக் கூப்பிட்டான். "எங்க வீட்டு ஊமை பேசிட்டா. அதுவும் ஆம்பளைக் குரல்ல."

அண்ணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். அது என் குரல் இல்லை. சுவருக்குள் ஓடும் மின்கம்பிகளின் முனகல். உடம்பு அதை வாங்கி வயருக்குக் கொடுக்கிறது, அவ்வளவுதான். சொன்னால் இன்னும் கிண்டல் செய்வான் என்று சொல்லவில்லை.

போன வருஷம் மில்லிலிருந்து திரும்பும் வழியில், சாலை விபத்தில், அண்ணன் இறந்துபோனான். பிளேயர் சட்டைப் பையில் கீறல் விழாமல் இருந்தது.

அம்மாவும் அப்பாவும் அதற்கு முன்பே போய்விட்டார்கள். நானும் அண்ணியும் மட்டும் அந்த வாடகை மாடி வீட்டில் மிஞ்சினோம். அண்ணி எனக்குச் சொந்தமாக வந்ததே அண்ணன் வழியாகத்தான். நடுவில் இருந்த ஆள் எழுந்து போன பிறகு, ஒரே பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்திருப்பவர்கள் மாதிரி ஆனோம். சாப்பிட்டாயா என்பார். சாப்பிட்டேன் என்பேன். மழை வரும் போலிருக்கு என்பேன். ஆமாம் என்பார்.

அண்ணியின் அக்கா வேறொரு ஊரில் இருக்கிறார். வாராவாரம் போன் செய்வார். அவர் குரல் போனுக்கு வெளியேயும் கேட்கும். "இங்க பெரிய கடை ஒண்ணு திறந்திருக்காங்க, உன் வேலை தெரிஞ்ச ஆளைத் தேடறாங்க. நாத்தனாரோட எத்தனை நாளைக்குடி இருப்பே?" அண்ணி, "பாக்கலாங்க்கா," என்பார். ஒவ்வொரு முறையும் அந்தப் 'பாக்கலாம்' வரும் வரை நான் அடுத்த அறையில் கையில் இருப்பதை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பேன். போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை என்று தெரியவில்லை. உரிமை இருந்திருந்தாலும் வாய் வந்திருக்காது.

அண்ணி இருந்துகொண்டிருந்தது பாட்டுக்காக என்று நான் நம்பினேன். தினமும் சாயங்காலம் கடையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டு, அண்ணன் செய்த மாதிரியே பிளேயரை ஸ்டீரியோவோடு இணைப்பார். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, ஸ்பீக்கரின் தலையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்காருவார். கண்ணை மூடியிருப்பார். நெற்றி லேசாகச் சுருங்கியிருக்கும். அழாமல் இருக்கப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

ஸ்டீரியோவின் திருகுகளில் அண்ணன் அண்ணியின் சிவப்பு நகப்பூச்சை எடுத்துப் பொட்டு வைத்திருந்தான். சத்தத்துக்கு ஒரு பொட்டு, பேஸுக்கு ஒரு பொட்டு, இரண்டும் நேர் மேலே பார்த்திருக்கும். "யாராவது நகர்த்தினா கண்டுபிடிச்சிடுவேன்." அவன் போன பிறகு ஒருநாள் அண்ணி ஈரத்துணியால் ஸ்டீரியோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணி பேஸ் திருகை நெருங்கியபோது, நான் யோசிக்காமல் போய் அவர் கையைப் பிடித்துவிட்டேன். பொட்டு அழிந்துவிடுமோ என்ற பயம். அண்ணி என்னைப் பார்த்தார், துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு இருவரும் திருகுகளைத் தொடவில்லை.

கீழ்வீட்டில் இருப்பவர் பல் செட் செய்கிறவர். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். அவர் வீட்டிலேயே மேசை போட்டுப் பற்களை வரிசையாகப் பொருத்திக் கொடுப்பார். அண்ணன் இருந்தபோது சத்தம் தாங்க முடியாமல் போனால், துடைப்பக் கட்டையால் தன் கூரையில், அதாவது எங்கள் தரையில், இடிப்பார். அண்ணனும் குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டுவான். அதோடு முடிந்துவிடும். இப்போது தட்ட ஆள் இல்லை. ஒருநாள் மாடிப்படியில் என்னை நிறுத்தினார்.

"தப்பா நினைக்காதம்மா. உங்க வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். ஆனா மேசையில வெச்ச பல்லு செட்டு எல்லாம் சாயங்காலமானா கடகடன்னு ஆடுது. குளிர்ல நாலு பேரு நடுங்கற மாதிரி. மெழுகு இறுகறதுக்குள்ள ஒரு பல்லு திரும்பிக்குது. போன வாரம் ஒருத்தர் கடவாய்ப் பல்லால சிரிக்கறார்."

"மன்னிச்சிடுங்க மாமா. குறைக்கச் சொல்றேன்."

"சொல்லு. வீட்டுக்காரம்மா காதுலயும் போட்டு வெச்சிருக்கேன்."

மறுநாள் வீட்டுக்காரம்மா எனக்குப் போன் செய்தார். இரண்டு பெண்கள் தனியாக இருக்கிறார்களே என்றுதான் பொறுத்துக்கொண்டிருக்கிறாராம். சத்தம் குறையட்டும், இல்லையென்றால் வேறு வீடு பார்த்துக்கொள்ளட்டும். கடுமையாகச் சொல்லவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

வீடு போனால் அண்ணி இன்னொரு வீடு தேட மாட்டார். நேராக அக்கா வீட்டுக்குப் போவார். அண்ணியிடம் விஷயத்தைச் சொல்லிக் குறைக்கச் சொன்னால், அவரிடம் மிஞ்சியிருக்கும் ஒன்றிலும் நான் கை வைத்த மாதிரி ஆகும். அப்போதும் போய்விடலாம். கிளினிக்குக்குப் போகும் பஸ்ஸில் இதையே புரட்டிப் புரட்டிப் பார்த்தேன்.

திருகைத் தொட முடியாது, பொட்டு காட்டிக்கொடுத்துவிடும். ஸ்பீக்கரை மூலையிலிருந்து நகர்த்தினால் தரையில் தடம் தெரியும். ஆனால் பிளேயருக்குள் இருக்கும் பட்டையை அண்ணி திறந்தே பார்த்ததில்லை. அந்தப் பட்டை படிப்படியாக இறங்கும். ஒரு படி இறங்கினால் பெரும்பாலான காதுகளுக்கு வித்தியாசம் தெரியாது. கொஞ்ச நாள் பழகவிட்டு இன்னொரு படி இறக்கினால் அதுவும் தெரியாது. தினம் காதுகளைச் சோதிப்பவள் என்பதால், இதில் மட்டும் எனக்குத் தைரியம் இருந்தது.

அண்ணி குளிக்கப் போன ஒரு காலையில் முதல் படியை இறக்கினேன். சாயங்காலம் பாட்டு வழக்கம்போல இடித்தது, அண்ணி வழக்கம்போல உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரம் இன்னொரு படி. அதற்கடுத்த வாரம் இன்னொன்று. கீழ்வீட்டு மாமா படியில் பார்த்தபோது கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். "பல்லு எல்லாம் நல்லாத் தூங்குது."

ஆனால் அண்ணி மாறிக்கொண்டு வந்தார். நாற்காலியை ஸ்பீக்கருக்கு இன்னும் நெருக்கமாகப் போட்டார். ஒரு கைக்குப் பதில் இரண்டு கைகளையும் வைத்தார். ஒருநாள் கன்னத்தையே அதன்மேல் சாய்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்குச் சரியாக் கேக்குதா?" என்றார்.

"கேக்குது அண்ணி."

"அப்படியேதான் இருக்கா?"

"அப்படியேதான் இருக்கு."

பாட்டு முடியும் முன்பே எழுந்து துணி மடிக்கப் போய்விட்டார். அன்றே சொல்லியிருக்கலாம். நான் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

கிளினிக்கின் வரவேற்பில் இருக்கும் பெண்ணுக்கு நாங்கள் வைத்த பெயர் எஃப்.எம். விளம்பர இடைவேளைகூட விடாமல் பேசுவாள். வியாழக்கிழமை எனக்கு விடுமுறை நாள். கூட வேலை செய்பவளுக்குக் காய்ச்சல் என்று அந்த வாரம் நான் போயிருந்தேன். மதியத்துக்கு முன்னால் எஃப்.எம். கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

"டாக்டர் ஒருத்தங்களை டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கார். ரொம்பத் தயங்கி நிக்கறாங்க. நான்தான் சொன்னேன், உள்ள இருக்கற பொண்ணு கடிக்க மாட்டா, பேசவே மாட்டான்னு. உங்க ஜாடையே இல்லை, ஆனா உங்க விலாசம் குடுத்திருக்காங்க. யாருப்பா?"

அவளுக்குப் பின்னால் அண்ணி நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த சீட்டை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

"இன்னிக்கு உனக்கு லீவுன்னு நினைச்சேன்."

"மாத்திவிட்டாங்க."

"சரி. வந்தது வந்தாச்சு. நீயே பாரு."

ஒலி புகாத சின்ன அறைக்குள் அவரை உட்காரவைத்தேன். சிவப்பு வலது காதுக்கு, நீலம் இடது காதுக்கு. இயர்போனை மாட்டும்போது அவர் முடியை ஒதுக்கிவிட்டேன். அண்ணன் போன பிறகு நான் அவரைத் தொட்டது அது இரண்டாவது முறை. முதல் முறை ஈரத்துணியோடு இருந்த கை.

வெளியே வந்து கண்ணாடிக்கு இந்தப்புறம் உட்கார்ந்து, எல்லோரிடமும் சொல்வதையே மைக்கில் சொன்னேன். "சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க. ரொம்ப மெல்லிசாக் கேட்டாலும் அமுக்கலாம்."

உயர்ந்த ஒலிகளில் தொடங்கினேன். சரியாக அமுக்கினார். நடு ஒலிகளுக்கும் அப்படியே. பிறகு தாழ்ந்தவற்றுக்கு வந்தேன். குறைத்தேன், அமுக்கினார். இன்னும் குறைத்தேன், அமுக்கினார். சின்னப் பிள்ளைகளுக்குக்கூட அரிதாகக் கேட்கும் அளவுக்கு இறக்கினேன், பட்டனை அமுக்கினால் என் பக்கம் எரியும் விளக்கு அதற்கும் எரிந்தது. பிறகு நான் எதுவுமே கொடுக்காமல் விட்டேன். விளக்கு எரிந்தது. காத்திருந்தேன். மறுபடியும் எரிந்தது.

பயந்து வருகிறவர்கள் இப்படிச் செய்வதுண்டு. கேட்க வேண்டும் என்ற ஆசையில் இல்லாத சத்தத்துக்கும் அமுக்குவார்கள். கண்ணாடிக்கு அந்தப்புறம் அண்ணி கண்ணை இறுக்க மூடி, முன்னால் குனிந்து, ஒன்றுமில்லாததைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மைக்கின் விசையை அழுத்தினேன். "அண்ணி, இப்ப சத்தம் எதுவும் இல்லை."

கண்ணைத் திறந்தார். நிஜமாகக் கேட்டால் மட்டும் அமுக்கச் சொல்லித் தாழ்ந்த ஒலிகளை மறுபடியும் கொடுத்தேன், ஒன்றும் தப்பவில்லை.

"உங்க காது நல்லா இருக்கு. என்னோடதைவிட நல்லா இருக்கு."

அவர் முகம் தெளியவில்லை. இன்னும் வாடியது. அதைப் பார்த்ததும், நேரில் ஒருபோதும் வந்திருக்காத சொற்கள் கண்ணாடி இடையில் இருந்த தைரியத்தில் வந்துவிட்டன. "பாட்டுல பேஸ் குறைஞ்சது நிஜம். நான்தான் குறைச்சேன். பிளேயர்ல. கொஞ்சம் கொஞ்சமா."

அண்ணி இயர்போனைக் கழற்றி மடியில் வைத்தார். கதவைத் திறந்து, "உள்ள வா," என்றார்.

அந்த அறையில் சொன்ன வார்த்தை சுவரில் பட்டுத் திரும்பாது. அடுத்தவர் மூச்சுவிடுவது கேட்கும். இருப்பது ஒரே நாற்காலி. நான் கதவில் சாய்ந்து நின்றேன்.

"எதுக்குக் குறைச்சே?"

கீழ்வீட்டு மாமாவின் பற்களைப் பற்றியும் வீட்டுக்காரம்மாவின் போனைப் பற்றியும் சொன்னேன்.

"எங்கிட்ட சொன்னா நானே குறைச்சிருப்பேனே."

"அண்ணன் வெச்ச மாதிரியே உங்களுக்கு வேணும்னு நினைச்சேன்."

"எனக்கா?" அண்ணி என்னை விநோதமாகப் பார்த்தார். "கல்யாணம் ஆகி வந்த வாரத்துலேருந்து அந்தத் தும்தும்ல எனக்குத் தலைவலி. சொன்னா உங்கண்ணன் மூஞ்சி தொங்கிடும்னு சொல்லலை. அவர் போனப்புறம் உனக்காகத்தான் தினம் போட்டேன்."

"எனக்காகவா?"

"பின்னே? அந்தப் பொட்டு பக்கத்துல துணி போனதுக்கே கையைப் பிடிச்சியே. இந்தப் பொண்ணுக்கு இது ஒண்ணுதான் மிச்சம்போல, நாம பொறுத்துக்குவோம்னு இருந்தேன்."

எனக்கும் அந்தச் சத்தத்தில் வயிற்றைப் புரட்டும் என்று சொன்னேன். அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. "ஒரு வருஷமா ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு மனுஷனோட பல்லை எல்லாம் ஆட்டியிருக்கோம்." சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்ப எதுக்கு அண்ணி டாக்டர்கிட்ட வந்தீங்க? குறைஞ்சா உங்களுக்கு நல்லதுதானே?"

மடியில் இருந்த இயர்போனின் வயரை விரலில் சுற்றினார். "தலைவலி நின்னுபோச்சு. பாட்டு ஓடுது, நான் பாட்டுக்கு உக்காந்திருக்கேன், எனக்கு ஒண்ணுமே செய்யலை. காது மந்தமாயிருந்தா பரவாயில்லை, மருந்து குடுப்பாங்கன்னு வந்தேன். காது நல்லா இருந்து தலைவலி மட்டும் நின்னா, அப்ப நான் அவரை மறக்க ஆரம்பிச்சுட்டேன்னுதானே அர்த்தம்?"

"இல்லை அண்ணி. பட்டையை இறக்கினேன். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்றார். பிறகு தனக்கே சொல்லிக்கொள்வதுபோல, "அவ்வளவுதான்."

எஃப்.எம். கண்ணாடியைத் தட்டி, அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்று சைகை செய்தாள்.

அன்று சாயங்காலம் இருவரும் சேர்ந்து செய்தோம். பிளேயரில் மிச்சமிருந்த ஏற்றத்தையும் இறக்கி, எல்லாப் பட்டைகளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். ஸ்பீக்கர்களைப் பிடித்து மூலையிலிருந்து நகர்த்தினோம். சத்தத்தையும் குறைத்தோம். கடைசியில் பேஸ் திருகு. "நீ திருப்பு," என்றார் அண்ணி. "நீங்க," என்றேன். அவரே என் விரலைப் பிடித்து வைத்துத் திருப்பினார். பொட்டு கீழே போய்விட்டது.

பாட்டு இடிக்காமல் வந்தது. பாடகர் வரிகளுக்கு நடுவே மூச்சு வாங்குவது கேட்டது. சரணத்தில் அவருக்குப் பின்னால், எட்டத்தில், ஒரு பெண் கூடவே பாடிக்கொண்டிருந்தாள்.

"இவ எப்ப வந்தா?" என்றார் அண்ணி.

"எப்பவும் இருந்திருக்கா."

"இத்தனை வருஷமா ஒருத்தி நம்ம வீட்டுல பாடிட்டு இருந்திருக்கா. ஒரு வாய் தண்ணி குடுக்கலை நாம."

அன்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். அண்ணன் இருந்தபோதுகூட நாங்கள் அவ்வளவு பேசியதில்லை. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் அக்காவின் போன் வந்தது. நான் அடுத்த அறையில் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். 'பாக்கலாம்' வரவில்லை.

அண்ணி வந்து கதவருகே நின்றார். "வர்றேன்னு சொல்லிட்டேன். உன்னை விட்டுட்டுப் போகக்கூடாதுன்னுதான் இத்தனை நாள் இருந்தேன். உனக்கு அந்தச் சத்தம் வேணும், அதைப் போட ஒரு ஆள் வேணும்னு நினைச்சுட்டேன். நீ என்னைவிடத் தெளிவா இருக்கே."

சத்தம் வேண்டாம், நீங்கள் வேண்டும் என்று சொல்ல நினைத்தேன். அங்கே மைக்கும் இல்லை, கண்ணாடியும் இல்லை.

"சரி அண்ணி," என்றேன்.

கொஞ்ச நேரம் நின்றார். நான் வேறு ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாரோ என்னவோ. பிறகு பரணிலிருந்து பெட்டியை இறக்கப் போனார்.

கிளம்பும் நாளில் பிளேயரை என்னிடமே விட்டுப் போகப் பார்த்தார். நான் வாங்கவில்லை. "ஸ்டீரியோ இங்கேயே இருக்கட்டும். இதை நீங்க எடுத்துட்டுப் போங்க. வழியில கேக்கலாம்." இயர்போனை மாட்டிக் கொடுக்கும்போது, பஸ் இரைச்சலுக்கு அந்த மட்டம் போதாதே என்று தோன்றியது. ஈக்வலைசரைத் திறந்து இடது ஓரத்துப் பட்டையை ஒரு படி ஏற்றினேன். யோசித்து இன்னொரு படி.

"என்ன பண்றே?"

"பஸ்ஸுல கேக்கணும் இல்ல."

அண்ணி என் தலையில் கையை வைத்தார், ஸ்பீக்கர்மேல் வைப்பதுபோல, உள்ளங்கை முழுவதுமாக.

இப்போது நான் மட்டும்தான். அண்ணி போன் செய்கிறார். சாப்பிட்டாயா என்கிறார், சாப்பிட்டேன் என்கிறேன். கடை பெரியதாம், வேலை அதிகமாம். நேற்று மாடிப்படியில் கீழ்வீட்டு மாமா, "இப்ப எல்லாம் மேல சத்தமே இல்லையேம்மா," என்றார். "ஆள் இருக்கா இல்லையான்னே தெரியலை." நான் படியேறி வந்துவிட்டேன்.

இன்று சாயங்காலம் கிளினிக்கிலிருந்து வந்து, விளக்கைப் போட்டு, ஸ்டீரியோவின் விசையையும் போட்டேன். பழக்கம். வயரின் மறுமுனை எதிலும் சேராமல் மேசைமேல் கிடந்தது. எடுத்து முனையை விரலால் தொட்டேன்.

"ம்ம்ம்" என்றது.

சத்தத் திருகைப் பொட்டு மேலே வரும் வரை ஏற்றினேன். பேஸ் திருகின் பொட்டையும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். மறுபடியும் தொட்டேன். சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தரை அதிர்வது உள்ளங்காலில் தெரிந்தது. கீழே மேசையில் பற்கள் ஆடத் தொடங்கியிருக்கும்.

சிறிது நேரத்தில் என் காலுக்கடியில் துடைப்பக் கட்டை இடித்தது.

விரலை எடுக்கவில்லை. குதிகாலைத் தூக்கி, இரண்டு தட்டுத் தட்டினேன்.